பனாஹியின் புதிய படத்துக்குத் திரையரங்கில்தான் காத்திருக்க வேண்டுமா?

(திரைப்பட ஆர்வலர்கள் மூவர் 2025 ஜூனில் புனைபெயர்களில் எழுதிய உரையாடல்)

மாலைக்காட்சி:

2025 மே மாதம் நடந்த கான் திரைப்பட விழாவில், ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் ‘இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்’ அவ்விழாவின் முதன்மை விருதான தங்கப்பனையைப் பெற்றதிலிருந்து அதைப் பெரிய திரையில் பார்க்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சிறையில் தன்னை வதைத்தவன் இவன்தானோ என்று ஒருவனை ஐயுறும் தொழிலாளியின் கதை அது. அங்கே கண்களைக் கட்டியிருந்ததால் அவருக்கு அவன் முகம் தெரியாது. அவனுடைய செயற்கைக் காலின் கிறீச்சொலி மட்டுமே நினைவில் இருக்கிறது. ஓர் ஓசையை நம்பி ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதலாமா என்பதே படத்தின் கேள்வி என்றால், அந்த ஓசையை இருண்ட அரங்கில், முன்பின் அறியாத நூறு பேருடன் அமர்ந்து கேட்க விரும்புகிறேன். நார்வே இயக்குநர் யோக்கிம் டிரியரின் ‘சென்டிமென்டல் வேல்யூ’, சீன இயக்குநர் பி கானின் ‘ரெசரக்‌ஷன்’ ஆகியவற்றையும் எதிர்நோக்குகிறேன்; ஆனால் முதலிடம் இதற்குத்தான். டிசம்பரில் சென்னை விழாவுக்கோ திருவனந்தபுரம் விழாவுக்கோ வரும் என நம்புகிறேன். அதுவரை கைப்பேசியில் எந்த வழியாகக் கிடைத்தாலும் பார்க்க மாட்டேன். நீங்களும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அது படத்தைப் பாதியாகப் பார்ப்பது.

தென்காசிச் சாரல்:

ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். கடைசி வேண்டுகோளை மட்டும் ஏற்க முடியவில்லை. விழாவில் ஒரு படத்தை ஒன்றிரண்டு முறைதான் திரையிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் வேலைநாளில். எங்கள் ஊர்த் திரையரங்கில் ஈரானியப் படம் வந்து நான் பார்த்ததில்லை. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. நான் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் தளத்தில், இந்தக் கைப்பேசியில்தான். நாவறட்சி தாங்காமல் அந்தச் சிறுவன் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். இறுதியில் குழியில் ஊறும் நீரைப் பெண்ணொருத்தி அவசரமின்றிச் சிறிது சிறிதாக அள்ளுகிறாள். அன்றிரவு வீட்டுக் குழாயைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இதைப் பாதிப் பார்வை என்று எப்படிச் சொல்வீர்கள்? வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது எடுத்த ‘திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்’ படத்தின் ஒரு பகுதியைப் பனாஹியே ஐபோனில்தான் பதிவு செய்தார். கைப்பேசியில் பிறந்த படத்தைக் கைப்பேசியில் பார்ப்பதில் என்ன குறை?

கடைசி வரிசை:

என் மறுப்பு வேறு. காத்திருக்கிறேன் என்று சொல்லும் நண்பர் அந்தக் கிறீச்சொலியை எங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இனி அது அரங்கில் ஒலிக்கும்போது யாரும் திடுக்கிடப் போவதில்லை. ‘இதோ வந்துவிட்டது’ என்று சரிபார்க்கத்தான் போகிறோம். 2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ வெளிவந்தபோது, அதில் பின்னணி இசை இல்லை என்று முன்பே படித்துவிட்டுப் போனதால் முதல் அரைமணி நேரமும் இசை இல்லாததையே கவனித்துக்கொண்டிருந்தேன். பாதையை மறித்து நின்ற காளையைச் சிறுமி ஒருத்தி வந்து சாதாரணமாக அழைத்துச் செல்லும் காட்சியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்றும் எனக்குள் நிற்பது அதுதான்.

மாலைக்காட்சி:

கடைசி வரிசை சொல்வது சரி. கதையை அந்த அளவுக்கு நான் விரித்திருக்கக் கூடாது. சாரல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பனாஹி ஐபோனை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. 2010இல் அவருக்குச் சிறைத் தண்டனையோடு இருபது ஆண்டுகள் படமெடுக்கக் கூடாது என்ற தடையும் விதிக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் கையில் இருந்தது அந்தக் கருவி. இப்புதிய படத்தையும் அரசின் அனுமதியின்றி மறைவாகவே எடுத்திருக்கிறார். சொந்த நாட்டு அரங்குகளில் தன் படங்களைக் காட்ட முடியாத ஒருவருக்கு, வேறொரு நாட்டில் நூறு பேர் ஒன்றாக அமர்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள். ‘பாதி’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் திருட்டுப் பிரதியைப் பார்க்க வேண்டாம் என்ற வேண்டுகோளில் எனக்கு மாற்றமில்லை.

தென்காசிச் சாரல்:

திருட்டுப் பிரதியை நானும் கேட்கவில்லை, ஐயா. முறையாக ஏதேனும் ஒரு தளத்தில் வெளியாகும் நாளில் கைப்பேசியில் பார்ப்பேன் என்றுதான் சொன்னேன். அதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். நூறு பேருடன் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தேன். சென்னையை விடத் திருவனந்தபுரம் எனக்குப் பக்கம். அங்கே இப்படம் ஞாயிற்றுக்கிழமை திரையிடப்பட்டால் விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி வருகிறேன். அட்டவணை வெளியானதும் இங்கேயே எழுதுங்கள்.