போன் பார்த்து ஓட்டுறவங்களுக்கு நடுவில சைக்கிள்ல போறது எப்படி? (கல்லடி – ஆரையம்பதி றோட்டு)

கேள்வி: வாவிக்கரை

ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கமிருந்து கல்லடிப் பாலத்தால மட்டக்களப்பு டவுனுக்கு ரியூசனுக்குப் போற பிள்ளைகள் கனபேர் சைக்கிள்தான். வகுப்பு விட்டுத் திரும்பக்குள்ள பொழுது பட்டுடும். அந்த நேரத்தில ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வான் எதைப் பார்த்தாலும் ஓட்டுறவரின்ட கையில போன். ஹெல்மட்டுக்குள்ள போனைச் செருகிக் கதைச்சிட்டு வாறவங்களும் இருக்காங்க.

"கவனமாப் போ மகன்" எண்டு சொல்லி அனுப்புறதைத் தவிர வேற என்ன செய்யலாம்? பிள்ளை ஒழுங்காத்தான் ஓடுது, பார்க்காமல் வாறது மற்ற ஆள். சைக்கிள்ல என்ன பூட்டணும், றோட்டில எந்த இடத்தில ஓடணும், பார்க்காமல் வாற வாகனத்தை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? விபரமாச் சொல்லுங்க. வாகனம் ஓட்டுறவங்க செய்ய வேண்டியதையும் எழுதினால் வீட்டில பெரியாக்களுக்கும் காட்டலாம்.

பதில்: பிறேக்கட்டை (காத்தான்குடி, சைக்கிள் திருத்துற வேலை)

அக்கா, போன் பார்க்கிற டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு வாறதில்ல. இடையில அரைச் செக்கன், ஒரு செக்கன் தலையைத் தூக்கி றோட்டைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குள்ள "முன்னுக்கு ஒரு ஆள் சைக்கிள்ல போறார்" எண்டு அவருக்கு விளங்கணும். சைக்கிள்ல பூட்டுற எல்லாத்தையும் இந்தக் கணக்கில பாருங்க.

முதல்ல பின்மட்காட்டில இருக்கிற சிவப்பு ரிஃப்லெக்டர். கிட்ட வைச்சுப் பார்த்தால் உள்ளுக்குத் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன மூலைகள் தெரியும். அந்த மூலைகள்தான் வெளிச்சத்தை வந்த வழிக்கே திருப்பி அனுப்புது. ரிஃப்லெக்டர் வெடிச்சு அதுக்குள்ள தண்ணி போயிட்டால் மூலைக்குப் பின்னால இருக்கிற காத்து இடைவெளி இல்லாமல் போகும், வெளிச்சம் திரும்பாது. பகல்ல பார்த்தால் சிவப்பாத்தான் இருக்கும், இரவில கறுப்பு. வெடிச்சதை ஒட்டிப் பிரயோசனமில்ல, புதுசு போடுங்க. வெடிக்காததைக் கிழமைக்கு ஒருக்கா ஈரத்துணியால துடைச்சால் போதும்.

டைனமோவை மட்டும் நம்ப வேணாம். அது ஓடுற வேகத்துக்குத்தான் எரியும். பாலத்து ஏத்தத்தில மிதிக்கக்குள்ள மங்கிடும், சந்தியில நிண்டால் அணைஞ்சிடும். மெதுவாப் போகக்குள்ளயும் நிற்கக்குள்ளயும்தான் பின்னால வந்து இடிக்கிற ஆபத்து கூட, அந்த நேரத்திலதான் டைனமோ கைவிடும். அதால பின்னுக்குப் பற்றரியில எரியிற சிவப்பு லைற் ஒண்டு தனியாப் போடுங்க. விட்டு விட்டு மின்னுறது கெதியாக் கண்ணில படும், ஆனால் எவ்வளவு தூரத்தில இருக்கு எண்டு மதிக்கிறது கஷ்டம். லைற் மின்னட்டும், ரிஃப்லெக்டர் நிலையாத் தெரியட்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சரி. முன்னுக்கு வெள்ளை லைற். அதைக் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துச் சாய்ச்சுப் பூட்டுங்க, எதிர்ல வாறவரின்ட கண்ணுக்குள்ள அடிக்கக் கூடாது.

கனபேர் விடுறது காலை. மிதிகட்டை ரிஃப்லெக்டரும் கணுக்காலில கட்டுற மினுங்கல் பட்டியும் மேலயும் கீழயும் அசையும். நிலையா நிற்கிற ஒரு சிவப்புப் புள்ளி தூணாகவும் இருக்கலாம், நிற்பாட்டின வண்டியாகவும் இருக்கலாம். மிதிக்கிற காலைக் கண்டால் அது மனுசன் எண்டு ஒரே பார்வையில விளங்கும். மேல் உடம்புக்குப் போடுற ஜக்கெட்டை விட இது மலிவு, வேலை கூடச் செய்யும்.

பிறேக்கையும் பார்த்துக்கொள்ளுங்க. கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில 2 – 3 மில்லிமீற்றர் போதும். லீவரை முழுக்க அமத்தினாலும் ஹாண்டிலில முட்டக் கூடாது. மாரி மழையில இரும்பு ரிம் நனைஞ்சால் முதல் ஒண்டிரண்டு சுற்றுக்குப் பிறேக் பிடிக்கவே பிடிக்காது. சந்தி வர முதலே மெல்ல அமத்திக்கொண்டு போனால் ரிம் காயும்.

பதில்: இரட்டை மிதி (வாகனம் ஓட்டப் பழக்குறவர்)

ஓட்டுபவர்களுக்கான பகுதியை நான் எழுதுகிறேன். கணக்கைப் பார்த்தால்தான் இதன் பாரதூரம் விளங்கும்.

மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகிறோம். 60 என்றால் கிட்டத்தட்ட 17 மீற்றர். வந்த மெசேஜை வாசிக்க 5 செக்கன் ஆனால், 60இல் 80 மீற்றருக்கு மேல் பார்க்காமலே ஓடியிருக்கிறோம். காய்ந்த றோட்டில், நல்ல ரயரோடு, கவனமாக ஓட்டும் ஒருவரே 60இலிருந்து நிறுத்த ஏறக்குறைய 45 மீற்றர் வேண்டும். அதில் பாதிக்கு மேல் பிறேக்கில் கால் போவதற்குள் ஓடுகிற தூரம். போனில் 2 செக்கன் போனால் இன்னும் 33 மீற்றரைக் கூட்டுங்கள். டிம் லைற்றில் கறுத்த உடுப்போடு போகிற சைக்கிள்காரர் கண்ணில் படுகிற தூரம் இதைவிட எவ்வளவோ குறைவு.

"ஹாண்ட்ஸ்ஃப்ரீயில்தான் கதைக்கிறேன்" என்பவர்களுக்கு: ஓட்டும்போது போன் பாவிப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஹாண்ட்ஸ்ஃப்ரீ அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. காரணம் கை அல்ல, மூளை. கண் சைக்கிளின் மேல் இருக்கும், ஆனால் பார்த்தது மனதில் பதியாது. "திடீரென்று குறுக்கே வந்துவிட்டான்" என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர்களில் பலர் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். வாகனத்துக்குக் குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 செக்கன் வரை போகலாம் என்று அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிவப்பு லைற்றில் நிற்கும்போது போனை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். பச்சை விழுந்ததும் போனை வைத்துவிட்டுக் கிளம்பும் அந்தச் சில செக்கனுக்குள்தான் இடது ஓரத்தில் சைக்கிளும் கிளம்புகிறது.

மோட்டார் சைக்கிளில் போன் என்றால் இன்னும் மோசம். இடது கையில் போன் இருந்தால் கிளச் இல்லை, ஹோர்ன் இல்லை, சிக்னல் இல்லை. வலது கையில் இருந்தால் அக்சிலேற்றரும் முன்பிறேக்கும் போய்விடும், நிறுத்தும் பலத்தில் பாதிக்கு மேல் முன்பிறேக்கில்தான் இருக்கிறது. ஹெல்மட்டுக்குள் செருகினால் கை இரண்டும் இருக்கும், ஆனால் கன்னத்துக்கும் ஹெல்மட்டுக்கும் நடுவில் போன் போவதற்காகப் பட்டியைத் தளர்த்திவிடுகிறார்கள். விழும்போது அந்த ஹெல்மட் தலையில் நிற்காது.

செய்யவேண்டியது இதுதான். கிளம்புமுன் போக வேண்டிய இடத்தை மெப்பில் போட்டு, குரலை மட்டும் ஒலிக்கவிட்டு, போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள்: மோட்டார் சைக்கிளில் சீற்றுக்குக் கீழே, காரில் பின்சீற்றில். ஐபோனில் 'டிரைவிங் ஃபோக்கஸ்' என்பதை ஒருமுறை போட்டுவிட்டால், ஓடத் தொடங்கியதும் தானாக இயங்கி, மெசேஜ் அனுப்புபவருக்கு "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதிலும் அனுப்பும். அண்ட்ரொய்டில் 'டு நொட் டிஸ்டேர்ப்' போட்டு, வீட்டு நம்பருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை மோட்டார் சைக்கிளில் வருகிறான் என்று தெரிந்துகொண்டே "எங்க நிக்கிறாய்?" என்று தொடர்ந்து அடிப்பது நாங்கள்தான். அதை நிறுத்துங்கள்.

வாகனத்தை நிறுத்திக் கதவைத் திறக்கும்போது, டிரைவர் வலது கதவை இடது கையால் திறக்கப் பழகவேண்டும். அப்போது தோள் தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் தெரியும். இடப்பக்கம் இருப்பவர் வலது கையால். இறங்கும்போதே போனைத் தட்டிக்கொண்டு கதவைத் தள்ளுவது நடக்கிற விசயம், அந்தக் கதவில் மோதுகிற சைக்கிள்காரர் விழுவது றோட்டின் நடுப்பக்கம்.

பதில்: படுவான்கரை

பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்றது "ஓரமாப் போ" எண்டுதான். அதில பாதிதான் சரி. தார் முடியிற விளிம்பில மணல் கிடக்கும், கான் (வடிகால்) மூடி உடைஞ்சிருக்கும். அதில சக்கரம் போனால் பிள்ளை வலப்பக்கம் வெட்டும், அதே செக்கன் பின்னால வாறவர் போன் பார்த்திட்டிருந்தால் முடிஞ்சுது. விளிம்பிலயிருந்து அரை மீற்றராவது உள்ளுக்கு, நேர்கோட்டில ஓடணும். நேராப் போறவரை மதிச்சு விலத்தலாம், நெளிஞ்சு போறவரை மதிக்கேலாது. நிற்பாட்டின வாகனத்தைக் கடக்கக்குள்ள கதவு திறக்கிற அளவுக்கு ஒரு மீற்றர் விடுங்க. அதுக்காக விலகக்குள்ள பத்துப் பதினைஞ்சு மீற்றர் முதலே பின்னால திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெல்ல விலகணும். வலப்பக்க ஹாண்டிலில சின்னக் கண்ணாடி ஒண்டு பூட்டினால் வேகமாக் கிட்ட வாற லைற் தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கிறதுக்கு அது ஈடில்ல.

பார்க்காமல் வாறவரைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. காரணமே இல்லாமல் வேகம் குறையும், மறுகா கூடும். மெல்ல மெல்ல ஓரத்துக்குச் சரிஞ்சு வந்து ஒரேயடியா வெட்டித் திரும்பும். இரவில முகத்தில கீழயிருந்து நீல வெளிச்சம். ஹெல்மட் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். இப்படி எதிர்ல வந்தால் வேகத்தைக் குறைச்சு, தாரை விட்டு இறங்குறதுக்கு இடம் எங்க எண்டு பாருங்க. பின்னால வந்தால் இறங்கி வழி விட்டிட்டுப் போறது வெட்கமில்ல.

ஓட்டோவை இடப்பக்கத்தால முந்தவே வேணாம். ஹயர் தேடுற ஓட்டோ றோட்டைப் பார்க்கிறதில்ல, நடைபாதையைத்தான் பார்க்கும். கை காட்டின உடனே இடப்பக்கம் வெட்டும். பஸ்ஸும் அப்படித்தான், அதோட இறங்குற சனமும் இடப்பக்கம். பஸ்காரரின்ட முகம் அவர்ட பக்கக் கண்ணாடியில உங்களுக்குத் தெரியாட்டி நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீங்க.

வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலத்தால போய் வாறவங்க வெயிலையும் பார்க்கணும். காலையில வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையிலயிருந்து கிழக்க வரக்குள்ள சூரியன் நேரா முகத்தில, பின்னேரம் திரும்பிப் போகக்குள்ளயும் அதே கதை. உங்களுக்குக் கண் கூசினால் பின்னால வாற டிரைவருக்கும் கூசுது. உங்கட நிழல் உங்களுக்கு முன்னால நீளமா விழுந்தால் எதிர்ல வாறவருக்கு நீங்க தெரியமாட்டீங்க. தூசி பிடிச்ச கண்ணாடியோட, போனையும் பார்த்துக்கொண்டு வாறவரை அந்த நேரத்தில நம்பி வலப்பக்கம் திரும்ப வேணாம். ஓரத்தில நிண்டு, இறங்கி, உருட்டிக் கடவுங்க.

குடை பிடிச்சுக்கொண்டு ஒற்றைக் கையால ஓடுறதும் இயர்ஃபோனும் வேணாம். பார்க்காதவன் வாறான் எண்டதை முதல்ல சொல்றது காதுதான்.

பதில்: வயல்கரை (சம்மாந்துறை)

அறுவடை நேரம் அம்பாறைப் பக்கம் இன்னொண்டு இருக்கு. நெல்லைக் காயப்போட்டு றோட்டில பாதி போயிடும், விளிம்புக்குக் கல்லும் கட்டையும் வைச்சிருப்பாங்க. சைக்கிள் நடுறோட்டுக்குத் தள்ளப்படும். போனில இருக்கிறவருக்கு அந்தக் கல் கடைசி நேரத்திலதான் தெரியும், அவர் வெட்டுறது சைக்கிள் பக்கம். பொழுது பட்டால் அந்த இடத்தை நடந்து கடக்கிறது நல்லம். காயப்போடுறவங்க கல்லை எடுத்திட்டு, மினுங்கல் ரேப் ஒட்டின வெறும் பிளாஸ்ரிக் கேனை வைக்கலாம். லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) இழுக்கிற பெட்டிக்குப் பின்னாலயும் 5 சென்ரிமீற்றர் அகல சிவப்பு ரேப்பை இரண்டு மூலையிலயும் ஒட்டுங்க. ஒரு மூலையில மட்டும் ஒட்டினால் தூரத்தில அது மோட்டார் சைக்கிள் மாதிரித் தெரியும், பெட்டியின்ட அகலம் தெரியாது.

பதில்: வெள்ளைத்தொப்பி (தாதி)

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990இற்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிஸுக்கு 119. முதலில் ஒருவரைப் பின்னால் அனுப்பி, வருகிற வாகனங்களை மறிக்கச் சொல்லுங்கள். சுற்றி நிற்கும் சனத்தின் மேல் அடுத்த வாகனம் ஏறுகிற ஆபத்து உண்டு. விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே முள்ளந்தண்டு நரம்பு பாதிக்கப்படலாம். தலையை அசையாமல் இரண்டு பக்கமும் கையால் பிடித்திருங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். தண்ணீர் கொடுக்கக் கூடாது, சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அது தடங்கல். "ஒன்றுமில்லை" என்று எழும்பி நடந்தாலும், தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தலையிடி இருந்தால் அன்றே வைத்தியசாலை.

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. பிறேக்கட்டை தம்பி, ஒரு சந்தேகம். பிள்ளை புத்தக பேக்கைக் கரியரில வைச்சு ரப்பரால கட்டுது. பேக் பின்னுக்குத் தொங்கி மட்காட்டை மூடுது. லைற்றை எங்க பூட்டுறது? மழைக்கோட்டுப் போட்டாலும் மறைச்சிடும்.

பிறேக்கட்டை

கரியருக்குக் கீழ, பின்சக்கர அச்சிலயிருந்து சீற்றுக்கு ஏறுற கம்பி இரண்டு இருக்கு. அதில வலப்பக்கக் கம்பியில, அச்சுக்கு ஒரு சாண் மேல பூட்டுங்க. பேக்கும் மறைக்காது, கோட்டும் மறைக்காது, வாகனம் விலத்துறதும் அந்தப் பக்கத்தாலதான். பூட்டினபிறகு பேக்கைக் கட்டி, கோட்டைப் போட்டுப் பிள்ளையைச் சைக்கிள்ல ஏத்தி வைச்சு, இருபது மீற்றர் பின்னால போய் மோட்டார் சைக்கிள் லைற் உயரத்துக்குக் குனிஞ்சு ரோச்சைப் பிடிச்சு நீங்களே பாருங்க. ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில வைச்சுப் பிடிக்கணும், தள்ளிப் பிடிச்சால் ரிஃப்லெக்டர் வேலை செய்யிறது தெரியாது. பேக்கின்ட பின்பக்கத்தில ஒரு முழம் மினுங்கல் ரேப்பைத் தைச்சு விடுங்க. ஒட்டினால் இரண்டு மழைக்குக் கழண்டிடும்.