போடிமெட்டு ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

எனக்குப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை, வீடு போடியில். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி, திங்கள் விடியலில் ஏறுவேன். முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். என் 100 சிசி வண்டிக்குப் பாதி வழி இரண்டாவது கியர்தான்.

ஒரு தடவை ஆயில் மாற்றப் போனபோது கடையில் கார் ஆயில் டப்பாவை எடுத்துக் கொடுத்து, "ஃபுல் சிந்தெடிக், இதைவிட நல்லது கிடையாது" என்றார்கள். விலையும் கூட. நம்பி ஊற்றினேன். போடிக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு மலை ஏறியபோதுதான், ஒரு வளைவில் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி நகரவில்லை. பின்னால் தோட்டத்து ஜீப்பின் ஹாரன். ஓரம் கட்டி நிறுத்தினால் கருகின வாடை.

மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடும் முன்பே, "என்ன ஆயில் தம்பி ஊத்துனீங்க?" என்றார். கழற்றிக் காட்டினார். இன்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. நடுவில் இருந்த இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

விஷயம் இதுதான். நம் கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். சாதாரண கியர் காரில் அது வெளியே உலர்ந்து இருக்கும். அதனால் கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற சரக்கைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். வழுக்கவைப்பது அதுதான். சிந்தெடிக் என்பதால் வழுக்கும் என்று சொல்வது தப்பு. பைக்குக்கான சிந்தெடிக் தாராளமாக ஊற்றலாம். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (JASO, ஜப்பான்காரர்களின் ஆயில் தரக்குறி) எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி (MB) என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

அப்புறம், மலை ஓட்டத்துக்கு 20டபிள்யூ-50 (20W-50) என்கிற கெட்டி ரக ஆயில்தான் சரி என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் சொல்வார்கள். என் வண்டியின் கையேட்டில் அதைவிட இளகின 10டபிள்யூ-30. மார்கழிக் குளிரில் பூப்பாறையில் ஸ்டார்ட் செய்கிறவனுக்குக் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். கையேட்டில் உள்ளதைத்தான் ஊற்றுகிறேன்.

புது பிளேட் போட்ட பிறகு, போன வாரம் இரண்டு பேரும் அரிசி மூட்டையோடு ஏறினோம். அதே வளைவில் இரண்டாவது கியரிலேயே இழுத்தது.