புதுப்பிப்பு: பெரிய கான்கிரீட் கட்டைகள் மேல் ஷெட் அஸ்திவாரம், ஒரு மழைக்காலம் தாண்டியாச்சு

3 மீட்டருக்கு 4 மீட்டர் மர ஷெட்டுக்கு, தளம் போடாமல் கட்டைகளை மட்டும் வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஷெட் நிற்கிறது.

கைகொடுத்தது "மேல்மண்ணை முழுக்க வெட்டி எடு" என்ற யோசனைதான். வேர் தென்படாத கெட்டி மண் வரை தோண்டினேன். ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் 10 செ.மீ., 10 செ.மீ. என்று இரண்டு அடுக்காகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினேன். நான்கு மூலையும் ஒரே மட்டமா என்று பார்க்க, மரப்பலகையை விட டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) தான் நம்பகம். குழாயில் காற்றுக்குமிழி மட்டும் இருக்கக்கூடாது. மூலைகள் செங்கோணமா என்று பார்க்க அளந்த மூலைவிட்டம் இரண்டும் சரியாக 5 மீட்டர் வந்ததும் கட்டைகளை வைத்தேன்.

எடையை நான் யோசிக்கவே இல்லை. 60×60×30 செ.மீ. கட்டை ஒன்று கிட்டத்தட்ட 260 கிலோ! இரும்புக் குழாய்களை அடியில் உருளவிட்டு, கடப்பாரையால் நெம்பித்தான் நகர்த்த முடிந்தது. விரலை அடியில் விடாதீர்கள்.

எதிர்பாராதது: முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு மூலை 8 மி.மீ. இறங்கியது. அங்கே பழைய மரக்குழியை மூடியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜாக்கி வைத்து உத்தரத்தைத் தூக்கி, இடைவெளியில் இரும்புத் தகடு செருகினேன். அதற்கப்புறம் அசையவில்லை.

செங்கல் சுவருக்கோ, மழையில் வீங்கும் களிமண்ணுக்கோ இந்த முறையை நான் நம்பமாட்டேன்.