கணக்கெடுப்பில் 'அய்யா வழி' என்று சொல்கிறவர்களுக்கு என்ன எழுதுவது?

அகத்தீஸ்வரம் டீச்சர்:

2011 பிப்ரவரியில் எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை. மடக்கக் கூடாத அந்தப் பெரிய படிவங்களை அட்டையோடு நெஞ்சில் அணைத்தபடி, பள்ளிக்கூடம் விட்டதும் தென்னந்தோப்பு வழியே வீடு வீடாகப் போவேன். அய்யா வழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலை அடுத்த ஓட்டு வீட்டில் ஒரு பாட்டி திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். என்ன மதம் என்று கேட்டேன்.

"நமக்கு அய்யா வழியாக்கும் மக்களே."

அய்யா வைகுண்டரின் வழியில் நடக்கிறவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் 1 என்று எழுதினேன். இந்துவுக்கு அதுதான் எண். பாட்டி எட்டிப் பார்த்து, "அய்யா வழிக்கு என்ன நம்பரு?" என்றார். "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆறு மதங்களுக்குத்தான் எண் உண்டு, வேறு எதைச் சொன்னாலும் எண் போடாமல் பெயரை முழுசாக எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் அப்படிச் செய்தேன். அன்று என் வட்டத்தில் எத்தனை வீட்டுக்கு இப்படி 1 போட்டேன் என்று நினைவில்லை, அந்தப் பாட்டியின் முகம் மட்டும் மறக்கவில்லை. என் அம்மா வீடும் தாங்கல் வீடுதான். கண்ணாடி முன்னால் நின்று நாமம் இட்டு வளர்ந்தவள் நான்.

2027 பிப்ரவரியில் மறுபடி கணக்கெடுப்பு வருகிறது, என்னைப் போடுவார்கள் என்றே நினைக்கிறேன். சிறுபான்மையினர் உரிமை பற்றி 1992-ல் ஐ.நா. ஒரு பிரகடனம் செய்திருக்கிறது என்கிறாள் என் மகள். நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்துமா? 'அய்யா வழி' என்று எழுதினால் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு ஏதாவது கெடுதல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வக்கீல்:

டீச்சர், இதில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, நம்பிக்கைச் சுதந்திரம். குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1979-ல் ஏற்றது. அதன் 18-ஆம் பிரிவு பழைய, பெரிய மதங்களுக்கு மட்டுமானதல்ல என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. சிறுபான்மையினர் பற்றிய 27-ஆம் பிரிவுக்கு அடுத்த வருடம் தந்த விளக்கம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு நாட்டில் ஒரு சிறுபான்மை இருக்கிறதா இல்லையா என்பது அந்த அரசு எடுக்கும் முடிவைப் பொறுத்ததல்ல, அது இருப்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டியது என்றார்கள். பாட்டி சொன்ன பதிலுக்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.

இரண்டாவது, இந்தியச் சட்டத்தில் 'சிறுபான்மை' என்ற தகுதி. 1992-ஆம் ஆண்டு தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டப்படி மத்திய அரசு அறிவிக்கை செய்தால்தான் அது கிடைக்கும். சமணர்களுக்கே 2014-ல்தான் கிடைத்தது. ராமகிருஷ்ண மிஷன் தன்னைத் தனி மதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-ல் தோற்றது. கணக்கெடுப்பில் ஒரு பெயரை எழுதுவதால் மட்டும் இந்தத் தகுதி வந்துவிடாது.

மூன்றாவதுதான் உங்கள் வேலை. வீட்டுக்காரர் சொல்லும் மதத்தை அப்படியே பதிய வேண்டும், விவாதிக்கக் கூடாது. அறிந்தே மாற்றி எழுதுவது 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி குற்றம். உங்களை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை, இனிமேல் எவராவது "எல்லாருக்கும் 1 போடுங்க" என்று நெருக்கினால் நீங்கள் காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

சான்றிதழ் பயம் வேண்டாம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவை எவரும் உரிமையாகக் கேட்டுப் பார்க்கவோ, இந்தச் சட்டத்தை மீறிய வழக்கைத் தவிர வேறெதிலும் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கவோ முடியாது, தாசில்தாருக்கும் அது போகாது. பட்டியல் சாதி வீடுகளில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆணைப்படி இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேறு மதம் சொன்னால் கணக்கெடுப்பில் அவர்களைப் பட்டியல் சாதி என்று பதிய மாட்டார்கள். அந்த வீடுகளில் இதை நன்றாகத் தெரிந்துகொண்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

தாமரைகுளம் பெரியவர்:

அய்யா உண்டு. மகளே, எனக்கு வயது எழுபத்தாறு. ஐம்பது வருடமாகத் தாங்கலில் பணிவிடை செய்கிறேன். என்னைக் கேட்டால் இந்து என்றுதான் சொல்வேன். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். இதை எழுதிப் பிரித்துக் காட்டினால் நாளைக்கு ஊருக்குள் இன்னொரு சுவர் எழும்புமோ என்று பயமாக இருக்கிறது. 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரம் நம்ம ஊர் வரை எப்படி வந்தது என்று பார்த்தவன் நான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

வைகுண்டர் எல்லாச் சாதிக்கும் ஒரே முந்திரிக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தவர். தலையில் துண்டு கட்ட அனுமதிக்கப்படாத மக்களைத் தலைப்பாகையோடு கும்பிடச் சொன்னவர். அதற்காகச் சிங்காரத்தோப்புச் சிறையில் கிடந்தார். அன்றைக்கு ஐ.நா.வும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. என் பதிலையும் அந்தப் பாட்டியின் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான்.

நாகர்கோவில் வக்கீல்:

பெரியவர் கேட்பது டீச்சரின் மகள் சொன்ன அந்த 1992 பிரகடனத்திலேயே இருக்கிறது. அந்த உரிமைகளைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் எவருக்கும் பாதகம் வரக் கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. இந்து என்று சொல்லும் அய்யாவழிக்காரருக்கும் அதே மதிப்புத்தான். ஐ.நா.வை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தனியாள் புகாருக்கு வழிவிடும், அந்தப் பன்னாட்டு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. இலங்கை சேர்ந்திருக்கிறது, அதனால்தான் அங்குள்ள கன்னியாஸ்திரிகள் சபை ஒன்று தன் நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகும் மனித உரிமைக் குழுவில் 2005-ல் சாதகமான முடிவு பெற்றது. நமக்கு அந்தக் கதவு இல்லை. மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு மட்டும் எவரும் எழுதலாம். அவர் அரசிடம் விளக்கம் கேட்பார், உத்தரவு போட முடியாது.

மார்த்தாண்டம்–ராஞ்சி:

ரெயில்வே வேலையாக ஜார்க்கண்டில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அங்கே சாலமரத்தடியில் வழிபடும் ஆதிவாசிகளின் சர்ணாவுக்கும் தனி எண் கிடையாது. இருந்தும் 2011-ல் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் பேர் 'சர்ணா' என்றே சொல்லிப் பதிய வைத்தார்கள். எண் இல்லாத பெயரையும் அரசே எண்ணி வெளியிட வேண்டியதாயிற்று. அதைக் காட்டித்தான் தனி எண் கேட்டு ஜார்க்கண்ட் சட்டமன்றத்தில் 2020-ல் தீர்மானம் போட்டார்கள். எண் இன்னும் வரவில்லை. எங்க பக்கம் நாங்க சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைக்காரங்க, எங்களுக்கு எண் 3 தயாராக இருந்தது. எண் இல்லாதவர்களின் பாடு ராஞ்சிக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அகத்தீஸ்வரம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவரே, உங்கள் பதிலையும் நீங்கள் சொன்னபடியே எழுதுவேன், சத்தியம்.

நேற்று தாங்கலில் உச்சிப்படிப்பு என்கிற நண்பகல் வழிபாடு முடிந்து அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். பாட்டி காலமாகி ஆறு வருடம் ஆகிறதாம். மருமகள்தான் இருந்தார். வக்கீல் சொன்னதையெல்லாம் விளக்கி, அடுத்த முறை நீங்கள் சொல்வதை அப்படியே பதியச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அன்னைக்கு எங்க மாமி சொன்னத நீங்க எழுதலியா டீச்சர்?"

"எழுதல" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.