பூங்காவின் அடியில் முடியும் ரயில் பாதை: கெய்செய் உவேனோ அனுபவங்கள்

நரீத்தா விமான நிலையத்திலிருந்து டோக்கியோவுக்கு வரும் பயணிகளில் பலர் நிப்போரி நிலையத்திலேயே இறங்கி, நகரை வட்டமாகச் சுற்றிவரும் யாமனோதே ரயிலுக்கு மாறிவிடுகிறார்கள். அங்கே மாறுவது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இன்னும் சில நிமிடங்கள் அமர்ந்திருந்து, கெய்செய் என்னும் தனியார் ரயில் நிறுவனத்தின் பாதை முடிகிற கெய்செய் உவேனோ நிலையத்தில் இறங்குவதையே நான் விரும்புகிறேன்.

2010-இல் திறக்கப்பட்ட புதிய தடத்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிவந்த ஸ்கைலைனர் என்னும் விமான நிலைய விரைவு ரயில், நிப்போரியைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, வளைவுகளில் ஊர்ந்தபடியே நிலையத்தை அடைகிறது. 1933 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் உவேனோ பூங்காவின் அடியில் செல்கிறது. 1945-இல் போரின் கடைசி மாதங்களில் அரசு அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டதால் ரயில்கள் இங்கே வராமல் நின்றுபோயின; பின்னர் 1973 முதல் 1976 வரை, விரிவாக்கப் பணிக்காக நிலையம் மீண்டும் மூடப்பட்டிருந்தது. இவ்வளவையும் கடந்து வந்த முனையத்தில் இருப்பவை இரண்டு நடைமேடைகளும் நான்கு தண்டவாளங்களும் மட்டுமே. ஒரு பன்னாட்டு விமான நிலையத்துக்கான ரயில் புறப்படும் இடம் இத்தனை அடக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெரும் பெட்டிகளுடன் வெளிநாட்டினர் நிற்கும் அதே நடைமேடையில், அலுவலகம் முடிந்து சிபா பக்கம் திரும்புபவர்களும் அமைதியாக வரிசையில் நிற்கிறார்கள்.

ஜேஆர் என்னும் வேறொரு ரயில் நிறுவனத்தின் உவேனோ நிலையம் தனிக் கட்டடம் என்பதால் சாலை வழியே சில நிமிடங்கள் நடக்க வேண்டும். சுமை குறைவாக இருந்தால் அதற்கு முன் அருகிலுள்ள படிகளில் ஏறி, சாமுராய்த் தலைவர் சைகோ தகமோரியின் சிலையையும், கோடையில் ஷினோபஸு குளத்தில் பூத்திருக்கும் தாமரைகளையும் பார்த்துவிட்டுச் செல்லலாம்.

* * *

நண்பருக்கு வணக்கம். கெய்செய் உவேனோ பற்றித் தாங்கள் மேலே எழுதியதைப் படித்தேன். தாங்கள் குறிப்பிட்ட அந்தச் சுரங்கத்துக்குள் கைவிடப்பட்ட நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை ரயிலில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி, இருண்ட ஜன்னலைச் சுட்டிக்காட்டி, சிறு வயதில் விலங்குக் காட்சிசாலைக்கு வரும்போதெல்லாம் தம் தந்தையுடன் இங்கேதான் இறங்குவோம் என்று சொன்னார். ஹகுபுட்சுகன் தோபுட்சுயென் (அருங்காட்சியகம், விலங்குக் காட்சிசாலை என்று பொருள்) என்னும் அந்த நிலையமும் 1933-இல்தான் திறக்கப்பட்டது. நான்கு பெட்டிகளுக்கு மேல் நிற்க இடமில்லாத அதன் குறுகிய நடைமேடைகள் நீண்ட ரயில்களுக்குப் போதாமல் போனதால், 1997-இல் ரயில்கள் அங்கே நிற்பது முடிவுக்கு வந்தது. அதன் கட்டடம் இன்றும் தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகே சாலையோரமாக நிற்கிறது. 2018-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு கண்காட்சிகளின்போது கதவுகளைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே சுவரில் தீட்டப்பட்ட பெங்குவின் ஓவியம் பழைய பயணிகளுக்கு நன்கு தெரிந்தது என்பதால், கண்காட்சி நடக்கும் சமயம் உவேனோவுக்குச் செல்ல வாய்த்தால் தவறாமல் பாருங்கள்.