அந்த அம்மா கையில ஜாக்கி ராடு

சித்தி: 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நேத்து ராத்திரிதான் முடிச்சேன். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல எழுதின நாவல். யாராவது படிச்சிருக்கீங்களா? இதைப் பத்திப் பேசியே ஆகணும் எனக்கு.

பெரியப்பா: காலேஜ்ல படிச்சதும்மா. ஓக்லஹோமாவுல ஜோட்னு ஒரு விவசாயக் குடும்பம், நிலம் பறிபோய் லாரியில கலிபோர்னியா கிளம்புவாங்களே. டிராக்டர் கட்டம் இன்னும் மறக்கல. வீட்டை இடிக்க வர்றவனும் அதே ஊர்ப் பையன். நாளுக்கு 3 டாலர் கூலிக்கு வந்தவன். சுட்டுடுவேன்னு குத்தகைக்காரர் சொல்றார். என்னைச் சுட்டா இன்னொருத்தன் வருவான், உத்தரவு பேங்க்ல இருந்து வருது, பேங்குக்கு கிழக்கே இருந்து வருதுங்கிறான். அப்போ யாரைத்தான் சுடுறது?

தம்பி: அதுக்காக ஏன் கலிபோர்னியா போகணும்?

சித்தி: பழம் பறிக்க ஆள் வேணும்னு நோட்டீஸ் வந்துச்சுப்பா. ஏமாந்து திரும்பி வர்ற ஒருத்தர் வழியில கணக்குச் சொல்றார். 800 பேர் வேணும்னா 5,000 நோட்டீஸ் அடிப்பானாம், அதை 20,000 பேர் பார்ப்பாங்களாம். அத்தனை பேரும் பசியோட வந்து நின்னா கூலி தானா இறங்கிடும். பீச் தோட்டத்துல முதல்ல பெட்டிக்கு 5 சென்ட் தர்றான், வெளியில ஸ்ட்ரைக் நடக்குறதால. ஸ்ட்ரைக் உடைஞ்சதும் 2.5 சென்ட்.

பெரியம்மா: அடப்பாவிகளா. பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?

சித்தி: அந்தக் குடும்பத்து அம்மாதான்க்கா எல்லாத்தையும் தாங்குறா. கூட வந்தவங்க கார் வழியில நின்னுடுது. ரெண்டு பேர் தங்கி ரிப்பேர் பார்க்கிறோம், மத்தவங்க முன்னாடி போங்கன்னு ஆம்பளைங்க முடிவு பண்ணிடுறாங்க. இவ ஜாக்கி ராடை எடுத்துட்டு நிக்கிறா. பிரிஞ்சு போக மாட்டேன்னு. கடைசியில புருஷனே விட்டுக் கொடுத்துடுறான்.

அக்கா: எனக்குப் பாட்டி செத்த இடம்தான் சித்தி. பாலைவனத்தைத் தாண்டணும்னு ராத்திரி முழுக்க அந்த அம்மா பிணத்துக்குப் பக்கத்துலயே படுத்திருப்பா. செக்கிங் ஆபீசர்கிட்ட கிழவிக்கு உடம்பு முடியல, டாக்டர்கிட்ட போகணும்னு கெஞ்சுவா. விடிஞ்சப்புறம்தான் வீட்டு ஆளுங்களுக்கே சொல்லுவா. அதைப் படிச்சுட்டு அன்னைக்கு மேல படிக்க முடியல.

பெரியம்மா: ஐயோ. என்ன மனசு அவளுக்கு.

சித்தி: ஆனா அவ மாறுறா பாருங்க, அதான் எனக்கு நாவலே. ஆரம்பத்துல என் குடும்பம் சிதறக்கூடாது, அது ஒண்ணுதான் அவளுக்கு. ஒவ்வொருத்தரா போயிடுறாங்க. கடைசியில பொண்ணு பிரசவத்துக்கு உதவ வந்த பக்கத்துக் குடும்பத்து அம்மாகிட்ட சொல்றா, முன்னெல்லாம் குடும்பம்தான் முதல்ல, இப்போ யாரா இருந்தாலும்தான்னு. கடைசிப் பக்கத்துல அவ பொண்ணு செய்யுறது அதிலிருந்துதான் வருது. தம்பி படிக்கட்டும், இங்க சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: கேள்விப்பட்டதை எழுதலம்மா அவர். 1936-லயே இப்படி வேலை தேடி வந்தவங்க இருந்த முகாம்களுக்கு நேர்ல போய் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பேப்பர்ல தொடர் எழுதினார். புத்தகத்தோட சமர்ப்பண வரியில பாதி, வீட்பேட்ச் அரசாங்க முகாமை நடத்தின டாம் காலின்ஸுக்குத்தான். அந்த முகாம் இருந்த கெர்ன் கவுண்டியிலயே 1939-ல நூலகத்துல இந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டாங்க. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு.

தம்பி: சித்தி, புக் எனக்குத் தாங்க.

அக்கா: நடுவுல ஜோட் குடும்பம் இல்லாத குட்டி அத்தியாயமெல்லாம் வரும்டா, தாண்டிடாதே. ரோட்டோர ஹோட்டல்ல மேன்னு ஒருத்தி ரெண்டு பசங்களுக்கு 5 சென்ட் மிட்டாயை ஒரு சென்ட்டுக்கு ரெண்டுன்னு கொடுப்பா. அது அங்கதான் வருது.

சித்தி: ஞாயித்துக்கிழமை வா, தர்றேன். பெரியம்மாவுக்கு நான் போன்லயே கதை சொல்றேன்.

பெரியம்மா: இன்னைக்கே கூப்பிடு. எட்டு மணிக்கு மேல.