புதுப்பிப்பு: "மெத்தடைப் பிரிக்க முடியாது" பிழைச்செய்தி, தீர்வு கிடைத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜாவா கோடில் பயனர் தேர்ந்தெடுக்கும் வரிகளைத் தனி மெத்தடாக (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய கோடுத் துண்டாக) பிரிக்கும் எங்கள் கருவி, அந்த வரிகளில் இரண்டு லோக்கல் வேரியபிள்களின் (ஒரு மெத்தடுக்குள் மட்டும் மதிப்பை வைத்திருக்கும் பெயர்கள்) மதிப்பு மாறி, இரண்டுமே பின்னால் தேவைப்பட்டால் "பிரிக்க முடியாது" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். காரணத்தை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தேன்.

செய்தியை நீளமாக எழுதிப் பார்த்தோம். பயனர்கள் அந்தச் செய்திப் பெட்டியைப் படிக்காமலே மூடினார்கள். பலன் தந்தது, மர்ஃபி-ஹில், பிளாக் என்ற மென்பொருள் ஆய்வாளர்கள் இருவரின் 2008 ஆய்வுக் கட்டுரையைப் படிக்கச் சொன்ன பதில்தான். அதன்படி பெட்டியை எடுத்துவிட்டு, எடிட்டரிலேயே ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு நிறம் கொடுத்து, அதன் மதிப்பு எந்த வரிக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டோம். கூடவே ஒரே வரி: "மெத்தட் ஒரு மதிப்பைத்தான் திருப்பித் தரும், இங்கே டோட்டல், கவுன்ட் இரண்டும் தேவை."

எதிர்பாராத விஷயம்: அம்புக்குறியைப் பார்த்ததுமே பலர் தேர்ந்தெடுத்த வரிகளைக் குறைத்துத் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள், அந்த வரியைப் படிப்பதுகூட இல்லை. அப்புறம், முதல் தடையை மட்டும் காட்டாமல் எல்லாத் தடைகளையும் சேர்த்தே காட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகு அடுத்தது முளைத்தால், கருவியை விட்டுவிட்டுக் கையாலேயே வெட்டி ஒட்டப் போய்விடுகிறார்கள்.